பொட்டு நகரவில்லை

முதலில் அது ஏதோ பூச்சி என்றுதான் டெல்பின் நினைத்தாள். இருட்டின பிறகு அடுக்களைப் பக்கமிருந்து வந்த அந்தச் சத்தம், இரும்பைத் தின்கிற பூச்சி என்று ஒன்று இருந்தால் அது எப்படிக் கொறிக்குமோ அப்படி, ற்ர்ர்ர் என்று கொஞ்சம் ஓடி, நின்று, யோசித்து, மறுபடியும் ஓடியது. கோயிலில் செபமாலை முடிந்து ஆட்கள் கலைந்து போய்விட்டால் இந்தத் தெருவில் கடலைத் தவிர வேறு சத்தம் கிடையாது, கடலையும் பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு யாரும் சத்தமென்று கணக்கில் வைப்பதில்லை. இன்றைக்குக் காற்று வேறு. காற்று எந்தச் சத்தத்தையும் எங்கிருந்தும் தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போகும். மடியில் அக்சா, எட்டு மாதப் பிள்ளை, குடித்தபடியே கண் மூடியிருந்தாள், வாய் மட்டும் கனவில் இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. எழுந்தால் பிள்ளை விழிக்கும், எழாவிட்டால் அது என்னவென்று தெரியாது, தெரியாத ஒன்றோடு ஒரே வீட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருப்பது. மனசு இப்படி அங்கும் இங்கும் போய் வந்துகொண்டிருக்கும்போதே உடம்பு முந்திக்கொண்டது. மார்பு இறுகியது, பால் இறங்கியது, நைட்டியின் அந்தப் பக்கம் நனைந்தது. அப்போதுதான் புரிந்தது, அது போன். ஏனம் கழுவுகிற அவசரத்தில் எவர்சில்வர் போணிக்குள் போட்டுவிட்டு வந்த போன். தாக்குதல் தொடங்கினால் அதிரும்படி அவளே வைத்த அலாரம். மூன்று வாரமாக அந்த அதிர்வைக் கேட்டுக் கேட்டு உடம்பு அதையும் ஒரு பிள்ளையின் அழுகை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. யார் அழுகிறார்கள் என்று உடம்பு கேட்பதில்லை. அழைத்தால் கொடுத்துவிடுகிறது. முட்டாள் உடம்பு, என்று அவள் நினைத்தாள், பிறகு, அப்படிச் சொல்லக்கூடாது, பிள்ளை கேட்கும் என்றும் நினைத்தாள்.

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் அந்தக் கோடு, இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் தரையோடு தரையாகக் கிடந்த கோடு, பாறையில் மோதின அலை மாதிரி செங்குத்தாக எழுந்து நின்றது. ஒரு இலட்சம் பேர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். இலட்சம் பேர் கிடையாது, அது அவளுக்குத் தெரியும், எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து உலகமெல்லாம் கிடக்கிற இலட்சம் யந்திரங்களை ஏவிவிட்டிருக்கிறான், அவை வந்து கேட்கின்றன, படகு எங்கே, படகு எங்கே, படகு எங்கே, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி, படகு எங்கே. பதில் சொல்லிச் சொல்லியே சங்கத்தின் சர்வர் மூச்சு முட்டி விழும். விழுந்தால் உண்மையாகக் கேட்கிறவளுக்குப் பதில் கிடையாது. இந்தக் கரையின் ஆழ்கடல் படகுச் சங்கத்தில் அறுபதுக்குக் கிட்ட படகுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சாட்டிலைட் பெட்டி. பெட்டி தான் இருக்கும் இடத்தை வானத்துக்குச் சொல்லும், வானம் சர்வருக்குச் சொல்லும், சர்வர் அதைக் கடல் படத்தில் ஒரு பொட்டாக வைக்கும், கரையில் பெண்கள் போனைத் திறந்து தங்கள் தங்கள் பொட்டைப் பார்த்துக்கொள்வார்கள். பொட்டு நகர்ந்தால் ஆள் இருக்கிறான். சோறு பொங்குகிற நேரத்தில் ஒரு தடவை, துணி காயப்போடுகிற நேரத்தில் ஒரு தடவை. பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு, அதை அமுக்கினால் உதவி என்று அர்த்தம், அது இதுவரை இரண்டு தடவைதான் வந்திருக்கிறது, இரண்டு தடவையும் ஆட்கள் உயிரோடு கரைக்கு வந்தார்கள். திருவனந்தபுரத்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளை பெற வந்தவளிடம் சங்கத்துக்காரர்கள் இதைக் கட்டுகிற வேலையை ஒப்படைத்தபோது புருஷன் ஷிபு மஸ்கட்டிலிருந்து சிரித்தான், நல்லதாப் போச்சு, இனி ஊரு முழுக்க எவன் எங்க நிக்கான்னு ஒனக்குத் தெரியும், எனக்கு மட்டும் அந்தப் பொட்டு வேண்டாம். அவள் அப்போது சிரித்தாள். அப்போது காற்று இல்லை. இன்றைக்கு மத்தியானம் காற்று எச்சரிக்கை வந்து, எல்லாப் படகுகளுக்கும் சங்கம் செய்தி அனுப்பி, கிடைத்தவர்கள் கிடைத்த துறைமுகத்துக்குள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கென்று பார்த்தா. அவனுக்குத் தெரியுமா. தெரிந்து செய்கிறானா. தெரியாமல் செய்கிறான் என்றால் அது இன்னும் பயமாக இருந்தது. பகையாளி என்றால் அவனுக்கு ஒரு முகமாவது இருக்கும்.

முகம் இல்லாததுதான் மூன்று வாரமாக அவளை அரித்தது. வருகிற முகவரிகளை ஒரு ராத்திரி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள், பார்த்திருக்கக் கூடாது. ஒன்று ஏதோ தேசத்தில் ஒரு கடையின் கேமரா. ஒன்று யார் வீட்டு ரவுட்டரோ. இன்னொன்றின் பேரைத் தேடினால் அது தொட்டிலுக்கு மேலே மாட்டுகிற பிள்ளைக் கேமரா, தாய்மார்கள் அடுத்த அறையிலிருந்து பார்க்கிற வகை, பெட்டியின் மேல் ஒரு சிரிக்கிற கரடி போட்டிருக்கும். எங்கேயோ ஒரு தொட்டிலில் ஒரு பிள்ளை தூங்குகிறது, அதன் தலைக்கு மேலே இருக்கிற கண் அதைப் பார்த்துக்கொண்டே இங்கே வந்து படகு எங்கே என்று கேட்கிறது. அந்தத் தாய்க்குத் தெரியாது. அவளிடம் யார் சொல்வது, எந்தப் பாஷையில் சொல்வது. ஷிபு போன தடவை வந்தபோது வாங்கி மாட்டிய கேமரா இந்த அறையிலும் இருக்கிறது, அலமாரிக்கு மேலே, அதே வகை இல்லை, ஆனால் இதுவும் ஒரு கண்தான். அந்த ராத்திரி அவள் அதன் மேல் பிள்ளையின் தொப்பியைக் கவிழ்த்தாள். தொப்பிக்குள்ளிருந்தும் கேட்குமே என்று பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கின பிறகும் அது இருக்கிற பக்கம் முதுகு காட்டிப் பால் கொடுக்க முடியவில்லை. நானும் யாரையோ தட்டிக்கொண்டிருந்தேனா, என்னுடைய வீட்டிலிருந்து, என் பிள்ளையின் தலைக்கு மேலிருந்து, என் கரண்டில். ஆன்ம சோதனை செய்கிறபோது சிஸ்டர் ஒலிவியா சொல்வாள், அறிந்து செய்தவை, அறியாமல் செய்தவை, இரண்டையும் நினைத்துப் பாருங்கள் பிள்ளைகளே. அறியாமல் செய்ததை எப்படி சிஸ்டர் நினைத்துப் பார்ப்பது. கேட்டதில்லை. கான்வென்டில் எதையும் கேட்டதில்லை.

வாசலுக்கு வெளியே காற்றில் ஏதோ உருண்டது. வாளியாக இருக்கும். அவள் ஒரு கையால் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு மறு கையால் எழுதத் தொடங்கினாள். சர்வருக்கு முன்னால் ஒரு சல்லடை இருக்கிறது, அதற்கு வரிகள்தான் சட்டம், வருகிற ஒவ்வொரு கேள்வியையும் அது மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக வைத்துப் பார்க்கும், முதலில் எந்த வரி பொருந்துகிறதோ அதோடு தீர்ப்பு முடிந்தது, அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் படிக்காது. போன வாரங்களில் அவள் தேசம் தேசமாக அடைத்துப் பார்த்தாள், மஸ்கட்டிலும் துபாயிலும் இருக்கிற மாப்பிள்ளைமாரும் மகன்மாரும் சேர்ந்து அடைபட்டார்கள், ஷிபுவே போன் பண்ணினான், என்னையுமா வெளிய தள்ளிட்ட. இன்றைக்கு வேறு வழி. ஒரே முகவரியிலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்டால், கேட்டது யாராக இருந்தாலும், ஒரு மணி நேரம் வெளியே நிற்கட்டும். யந்திரத்துக்குத்தான் பொறுமை கிடையாது. மனுஷி ஒரு தடவை கேட்பாள், பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுப்பாள். ஸ்டடி ஹாலில் சிஸ்டர் ஒலிவியா மேசையில் மோதிர விரலால் தட்டிச் சொல்வாளே, ஒரு தடவை கேள், புரியாவிட்டால் யோசி, அதையே ரெண்டாவது கேட்கிறவள் கவனிக்காதவள், எழுந்து வராந்தாவில் போய் நில். ஒன்பதாம் வகுப்பில் வராந்தாவில் நின்ற ஒரு சாயங்காலம், பாத்ரூமுக்குப் போக வேண்டும் என்று இரண்டாவது தடவை கேட்டதற்காக, கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, ஈரம் முட்டிக்குக் கீழே இறங்க இறங்க, கன்னிமேரி சொரூபத்தின் காலடிப் பாம்பையே பார்த்துக்கொண்டு. அன்றிலிருந்து அவள் யாரிடமும் எதையும் இரண்டாவது தடவை கேட்டதில்லை, பிரசவ அறையில்கூட. வரியை எழுதி முடித்தாள். வெளியே நிறுத்தப்படுகிறவர்களுக்குக் காட்ட ஒரு வாசகமும் எழுதினாள், தயவுசெய்து ஒரு மணி நேரம் கழித்து முயலவும், தயவுசெய்து என்பதைச் சேர்த்தபோது மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. பிள்ளை முனகியது, தலையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள், விரல் எங்கே பட்டதோ அங்கே வரி போய் உட்கார்ந்தது, சரி என்று அமுக்கினாள்.

கோடு விழுந்தது. அப்படி ஒரு விழுதல். உச்சியிலிருந்து யாரோ கயிறை அறுத்துவிட்ட மாதிரி தரைக்கு வந்து கிடந்தது. அவள் மூச்சு விட்டாள், அத்தனை நேரம் விடாமல் வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. கட்டிலில் பிள்ளையைக் கிடத்தி, இரண்டு பக்கமும் தலையணை அணை போட்டு, கட்டன் சாயா போட்டு வந்து குடித்தாள். சர்க்கரை மறந்துவிட்டது, பரவாயில்லை. போன் போணிக்குள்ளிருந்து வெளியே வந்து மேசையில் வாய் மூடிக் கிடந்தது. எத்தனை நாளாக இப்படி ஒரு அமைதி. தூங்குகிற பிள்ளையின் நகத்தை வெட்டலாம், விழித்திருக்கும்போது விடமாட்டாள், நேற்று முகத்தில் கீறிக்கொண்டிருந்தாள். சின்ன நகவெட்டியை எடுத்து, விரலை விரலாகப் பிரித்து, ஒவ்வொன்றாக, பிறை பிறையாக. நகம் இவ்வளவுதான், மீன் செதிளைவிடச் சின்னது. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு அருள் நிறை மந்திரம் சொன்னாள், சும்மா, வெட்டுகிற கை நடுங்காமல் இருக்க. செபமாலையும் அப்படித்தானே, அதே வார்த்தை, அதே வார்த்தை, மணி மணியாக அதே வேண்டுதல், ஒரு வீட்டிலிருந்து இத்தனை, ஒரு கரையிலிருந்து எத்தனை, அங்கே மேலே இருக்கிறவள் எண்ணிப் பார்த்து வெளியே நில் என்று சொல்வதில்லை. சொல்லமாட்டாளா. இந்த நினைப்பு நல்ல நினைப்பு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது, எங்கே நல்லதில்லை என்று தெரியவில்லை, முள் இருக்கிற இடம் தெரியாமல் மீனை வாயில் வைத்திருக்கிற மாதிரி, கொஞ்சம் நாக்கால் தள்ளிப் பார்த்தாள், அகப்படவில்லை, விழுங்கிவிட்டாள். அடுத்த கை. கட்டைவிரல். சின்ன அம்மே, அசையாதே. காற்று கூரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் போனது. இந்தக் காற்றில் படகுகள் எல்லாம் திரும்பிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் இடத்தைச் சொல்லும், ஏறிவிட்டோம் என்று சொல்லும், சங்கத்தில் ததேயுஸ் அண்ணன் திரை முன்னால் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார். எல்லாரும் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இன்றைக்குப் பார்த்து எல்லாரும் ஒரே நேரத்தில்.

“டெல்பினே, கதவு சும்மா சாத்திக் கெடக்கு, உள்ள வரட்டா?” வந்த பிறகுதான் கேட்டாள் றெஜீனா. இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள், டெல்பினைவிடப் பத்து வயசு மூத்தவள், சந்தையில் மீன் விற்று வந்த குரல், அதைத் தாழ்த்தத் தெரியாது. செருப்பைப் படியில் உதறிவிட்டுத் தலைத்துண்டோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் மிக்கேல், ‘சலேத்து மாதா’ படகை ஓட்டுகிற ஸ்ராங்கு, அவனோடு சேர்த்து எட்டு ஆட்களாகப் பதினைந்து நாளாகக் கடலில். “பிள்ள ஒறங்குதா? ஒறங்கட்டு. எனக்க போனப் பாரு பிள்ளே, வெளிய போன்னு சொல்லுது. ஒரு மணிக்கூர் கழிச்சு வரணுமாம். ரேசன் கடக்காரன்கூட இப்பிடிச் சொல்ல மாட்டான்.” டெல்பினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, நீங்க எத்தன தடவ அமுக்கினீங்க?” “எவளாவது எண்ணிக்கிட்டா அமுக்குவா? பொட்டு நகரல, அமுக்கினேன். நகரல, அமுக்கினேன். கரையில இருக்கச்ச பீடி வாங்கப் போனா ரெண்டு மணிக்கூர் ஆளக் காணாது, அப்ப நான் தேடுனேனா? இப்ப காத்துல்லா அடிக்கி.” வெளியே நில் என்று சொன்னது நான்தான் அக்கா என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை, நாளைக்குச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். பயந்தவளும் யந்திரமும் ஒரே மாதிரிதான் தட்டுகிறார்கள், அது இவ்வளவு நாளும் தோன்றவில்லையே. சரி, அக்காவுக்கு என்னுடைய திரையில் காட்டலாம் என்று லேப்டாப்பைத் திருப்பினாள். கடல் படம் நீலமாக விரிந்தது. சலேத்து மாதாவின் பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. “பாத்தியா,” என்றாள் றெஜீனா, “ஒனக்க பெட்டியிலயும் நகரல.” அதற்குப் பக்கத்துப் பொட்டும் நகரவில்லை. அதற்கு வடக்கே கூட்டமாக நின்றவையும். டெல்பின் படத்தைச் சுருக்கினாள், கோவா வரைக்கும் போனவையும் தெரிகிற அளவுக்கு. கரையேறிக்கொண்டிருக்க வேண்டிய அறுபது பொட்டும் சுவரில் குத்தின ஊசி மாதிரி நின்றன. ஒன்றுகூட. அவள் கோட்டைப் பார்த்தாள், தரையோடு கிடந்த அந்த அமைதியான கோட்டை. அதில் கொஞ்சமாவது அசைவு இருக்க வேண்டும். படகுகளின் அசைவு.

நடுக்கடலில் படகுக்கென்று முகவரி கிடையாது. அது அவளுக்குத் தெரியாதா, அவள்தானே இதைக் கட்டினாள். பெட்டிகள் வானத்துக்குச் சொல்வதெல்லாம் ஏதோ ஒரு தேசத்தில் இருக்கிற சாட்டிலைட் கம்பெனியின் கூடத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரே முகவரியிலிருந்து வரும், அறுபது படகும் ஒரே வாயால் பேசும். அதற்காகத்தான் சல்லடையின் முதல் வரியாக அவள் எழுதி வைத்திருந்தாள், இந்த முகவரி எத்தனை தடவை வந்தாலும் விடு, எப்போதும் விடு. முதல் வரி. அவள் வரிகளைத் திறந்தாள். முதல் வரியாக இன்றைக்கு எழுதினது இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டால், கேட்டது யாராக இருந்தாலும். அதற்குக் கீழே, படிக்கப்படாமல், எப்போதும் விடு. தலையைத் தோள் மாற்றினபோது. விரல் எங்கே பட்டதோ அங்கே. காற்று வரவர அறுபது படகும் சேர்ந்து கூப்பிட்டிருக்கின்றன, ஒரே வாய், ஒரே நிமிஷத்தில் திரும்பத் திரும்ப, அவளுடைய சட்டம் அதைப் பார்த்துக் கவனிக்காதவள் என்று சொல்லி வராந்தாவில் நிறுத்திவிட்டது. தயவுசெய்து என்று சொல்லி. கை அவளுடையதாக இல்லை, கீழே எங்கேயோ தண்ணீருக்குள் யாருடைய கையோ அசைகிற மாதிரி அந்த வரியைப் பிடித்துக் கீழே இழுத்தது, ஒன்றுக்குக் கீழே, சரி. கம்பெனியின் கூடம் நல்ல கூடம், உள்ளே விடுகிற ஆள் கிடைக்கிறவரை செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி வந்து நிற்கும், நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. உள்ளே கொட்டியது. ஊசிகள் ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து கழன்று நகர்ந்தன, துறைமுகத்துக்குள், துறைமுகத்துக்குள், தீவுக்குப் பின்னால், துறைமுகத்துக்குள். “நகருது, நகருது,” என்று றெஜீனா அவள் தோளைப் பிடித்தாள். சலேத்து மாதாவும் நகர்ந்தது. மற்றவை கிழக்கே வர அது மட்டும் பக்கவாட்டில், காற்றின் போக்கில், தெற்கே. பிறகு அதன் மேல் சிவப்பு விழுந்தது. பெட்டியில் ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டி மிக்கேல் அண்ணன் அடித்த தமிழ்: புரொப்பல்லரில வலை சுத்திட்டு. எஞ்சின் நிக்கு. காத்துல ஒழுகிப் போறோம். ஆள் வேணும். அதே செய்தி. கீழே அதே செய்தி. கீழே அதே. ஒவ்வொன்றுக்கும் கிளம்பின நேரம் போட்டிருந்தது. முதலாவது கிளம்பினது அவள் பிள்ளையின் இடது கை நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது.

சங்கத்துக்குப் போன் போட்டாள். “அண்ணே, சலேத்து மாதா.” “இப்பத்தான் வந்து விழுது மோளே, எல்லாம் ஒண்ணிச்சு விழுது,” என்றார் ததேயுஸ், குரலுக்குப் பின்னால் நாலைந்து பேர் பேசினார்கள். “நெட்டு போச்சுன்னு நெனச்சேன், நேத்தும் இப்பிடித்தான போச்சு, அதான் ஒன்னக் கூப்பிடல.” பழகிப்போய்விட்டது. நானும் அவரும் அமைதிக்குப் பழகிவிட்டோம். “கிட்டத்துல யாரு இருக்கா?” “நில்லு, பாக்கேன். பனிமயம் நிக்கி, வர்க்கீசுக்க படகு. செய்தி போட்டாச்சு. திருப்பிட்டேன்னு பதில் தந்துட்டான். ஆனா இவுக ஒழுகின தூரம் கூடிப்போச்சு பாத்தியா, அவன் அங்க எத்த நேரமாவும். நீ சர்வர விழாம வச்சுக்கோ, மோளே. அவுகளுக்க எடம் வரணும். எடம் வராம போச்சுன்னா வர்க்கீஸ் இருட்டுல எதப் பாத்துப் போவான்?” போனை வைத்தார். மேசையில் இன்னொரு அதிர்வு தொடங்கியது. கோடு மெல்லத் தலை தூக்கியது. வேறு முகவரிகள், புதிய யந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு தடவையே கேட்டுவிட்டு ஒதுங்கி அடுத்ததை அனுப்புகிற மாதிரி, அவளுடைய வரியைப் படித்துவிட்ட மாதிரி. பிள்ளை விழித்து அழுதது. இரண்டு அழுகைக்கும் சேர்த்து மார்பு நனைந்தது.

றெஜீனா திரையைப் பார்த்தாள், டெல்பினைப் பார்த்தாள், படிக்கத் தெரிந்தவள்தான், ஒன்றன் கீழ் ஒன்றாகக் கிடந்த செய்தியையும் பக்கத்தில் இருந்த நேரங்களையும் விரல் வைத்துப் படித்தாள். சொல்லாமல் விட்டால் தெரியாது. தாக்குதல் என்று சொன்னால் போதும், ஊர் முழுக்க அதைத்தான் நம்பும், பாதி உண்மையும்கூட. சொல்லிவிடு. சொன்னால் இந்தத் தெருவே வாசலில் வந்து நிற்கும், பிள்ளையை வைத்துக்கொண்டு. “அக்கா,” என்றாள். வராந்தாவில் நின்ற பெண் குறுக்கே வந்து நின்றாள். இரண்டாவது தடவை, “அக்கா. அந்த ஆளு செஞ்சது இல்ல இது. நான் எழுதின வரி. ஒங்கள வெளிய போன்னு சொன்னதும் அதுதான், அண்ணன் கூப்பிட்டத எடுக்காம வச்சிருந்ததும் அதுதான். மேல போட்டுட்டேன், கீழ போடணும். பாக்கல. நல்லாருக்குன்னு சாயா குடிச்சேன்.” “எட்டு பேரு பிள்ளே,” என்றாள் றெஜீனா. “ஆமா.” “எனக்க மாப்பிளைக்கு நீந்தத் தெரியும். அந்த வடக்கத்திப் பயலுவ ரெண்டு பேரு இருக்கானுவ, அவனுவளுக்குத் தெரியாது.” “ஆமாக்கா.” றெஜீனா அழுகிற பிள்ளையைக் கட்டிலிலிருந்து அள்ளித் தோளில் போட்டாள், கேட்காமல், தன்னுடையதை அள்ளுகிற மாதிரி. பிள்ளையோடு எழுந்து வாசல் பக்கம் நடந்தாள். டெல்பினுக்கு எழ முடியவில்லை, விரல்கள் வரிகளில் இருந்தன, ஒரு புதிய வரி பாதியில், கோடு ஏறிக்கொண்டிருந்தது, கையை எடுத்தால் சர்வர் விழும், விழுந்தால் இருட்டில் வர்க்கீசுக்கு இடம் கிடையாது. கொண்டு போகிறாள். பிள்ளையைத் தெருவுக்குக் கொண்டு போகிறாள், போய் நின்று கத்தப் போகிறாள், கத்தட்டும், கத்துவது நியாயம், பிள்ளைக்குத் தலையில் ஒன்றும் போடவில்லையே, காற்று. றெஜீனா கதவைத் திறந்தாள். காற்று உள்ளே வந்து காலண்டரைத் தூக்கி அடித்தது. அவள் குனிந்து, படியில் கிடந்த தன் செருப்பு இரண்டையும் ஒரு கையால் எடுத்து வீட்டுக்குள் போட்டாள்.

“ரெண்டு கையாலயும் எழுது,” என்றாள், திரும்பாமல். “வர்க்கீஸ் கயிறு குடுத்தான்னு நான் எனக்க கண்ணால பாக்கணும். அதுக்குப் பொறவு ஒன்ன ஏசணும், நல்லா ஏசணும், நாக்கப் பிடுங்கிட்டுச் சாவுற மாதிரி. இப்ப எவளும் இங்க வரண்டாம்.” பிள்ளை அவள் கழுத்துக்குள் முகம் புதைத்து விக்கிக்கொண்டிருந்தது. கதவு காற்றுக்கு எதிராகச் சாத்த வரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். உப்புக்காற்றில் துருவேறி இறுகிப்போயிருந்த தாழ்ப்பாள் முதலில் மறுத்தது, கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, மறு கையால் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, உள்ளங்கையால் அடித்து அதைக் குழிக்குள் இறக்கினாள்.